ஊமை மழைக்கு ஒரு கோட்டு

கருங்கொம்பையில் மழை ஊமையாகிப் போனது ஓர் ஆடி மாதம் மூன்றாம் தேதி, ஊர் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம். அதற்கு முன்னால் அந்த மலையில் மழை ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டு வந்ததில்லை. தகரத்தில் ஏறிக் குதித்துக்கொண்டும், வாழை இலையில் விரல் சொடுக்கிக்கொண்டும், மேட்டுக்காட்டைத் தாண்டும்போதே நான் வருகிறேன், துணியை எடு, விறகை மூடு என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வரும். அன்றைக்கு அது ஒரு சத்தமும் இல்லாமல் வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் பெய்து, சோறு தின்று கை கழுவ வெளியே வந்த ஜனங்கள் முற்றத்தில் கணுக்கால் தண்ணீரையும், அதில் மிதக்கிற கிழங்கு வற்றலையும் பார்த்துத்தான் மழை என்று தெரிந்துகொண்டார்கள்.

முதல் வாரம் எல்லாரும் காதுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டார்கள். அடிவாரத்திலிருந்து வந்த நர்சம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது எல்லாருக்கும் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓடையில் போய்ச் சேர்ந்த தண்ணீர் வழக்கம்போல இரைந்தது; ஓடைக்கு வரும்வரைக்கும்தான் பேச்சில்லை. ஏன் இப்படி என்று உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் வேறு தொல்லைகள் வந்துவிட்டன. தொட்டில் குழந்தைகள் தூங்க மறுத்தன. மழையை நம்பிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த புருசன் பெண்டாட்டிகளின் சண்டை மூன்றாவது வீட்டுக்கு வரிவரியாகக் கேட்டது. மழைக்குள் அழுது பழகிய பெண்கள் அழுகையை நிறுத்திக்கொண்டார்கள்.

தையல்காரி சிந்தாமணியும் நிறுத்திக்கொண்டவள்தான். பதினோரு வருசத்துக்கு முன்னால் பத்தொன்பது நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன பெண் குழந்தைக்காக, ஒவ்வொரு ஆடி மழைக்கும் மிஷின்மேல் தலையைச் சாய்த்து, தகரக் கூரை சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை அழுவது அவள் வழக்கம். அந்த வருசம் மிஷின்மேல் தலையைச் சாய்த்தாள், தன் மூச்சு தனக்கே கேட்டது, நிமிர்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

மழைக்குச் சத்தம் போனதும் மனிதர்களுக்குச் சத்தம் வந்தது. அந்த ஊரில் மழைக்கு உரச்சாக்கு மூலையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காடை என்று பேர். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொள்வார்கள். இத்தனை காலம் மழைக்குள் கேட்காமலிருந்த அந்தத் தாள்களின் சரசரப்பு இப்போது பாதை முழுக்கக் கேட்டது. ஒரு மாதத்துக்குள் சரசரப்பை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அப்பளம் பொரிகிற மாதிரி வந்தால் தபால்காரர். சாணித் தாள் கிழிகிற மாதிரி வந்தால் பக்கத்து வீட்டுப் பாவாயி. மூடுபனியில் கை நீட்டினால் கை தெரியாத அந்த ஊரில் அது ஒரு வசதியாகக்கூட இருந்தது.

பன்றிகளுக்கும் அது வசதியாக இருந்தது.

மழைக்காலத்தில் வேட்டைக்குப் போகிறவன் மழையின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் போவான். இப்போது அவன் வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே கோரைப்புதருக்குள் பன்றி காதை நிமிர்த்தியது. மரவள்ளிக்காட்டில் கிழங்கு ஒன்று மிச்சமில்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒரு கிடாப் பன்றி, ஒத்தையன் என்று பேர் வைத்திருந்தார்கள், சரசரப்பு வருகிற திசையில் எதிர்கொண்டு வரவே கற்றுக்கொண்டது. பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போன ரங்கப்பனின் தொடையைக் கிழித்தது. ரப்பர் கோட்டுப் போட்டுக்கொண்டு போன மாரக்காளை திரும்பி வரவில்லை. அதைச் சுட்டுக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது; வரும் வழியிலேயே சத்தமில்லாமல் நனைந்து, எழுத்தெல்லாம் ஊதாவாகக் கலைந்திருந்தது. ஆனாலும் அது காகிதம்தானே என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. ஊருக்கு இருந்ததே இரண்டு துப்பாக்கி. ஒன்று மரவள்ளிக்காட்டுப் பரணில் சென்னியப்பன் கையில். சிந்தாமணியின் கூடப்பிறந்த அண்ணன்; குறி தப்பாதவன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு முறைக்கு ஒரு வீட்டு ஆள் புதருக்குள் போக வேண்டும், முடிந்தால் சுட வேண்டும், முடியாவிட்டால் பரண் பக்கம் கலைத்து விட வேண்டும்.

"பனியில ஒண்ணுந் தெரியாதே, ஆளைக் கீளைச் சுட்டுப்புட்டீன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கண்ணெதுக்கு? காது இருக்குதல்ல?" என்றான் சென்னியப்பன். "சரசரன்னு வந்தா மனுசன். சத்தமில்லாம வந்தா பன்னி. அவ்வளவுதான் கணக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிந்தாமணியும் சிரித்தாள். அண்ணனின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முறை வந்த வீட்டுக் கதவில் விடியற்காலையில் ஊர் ஈட்டியைச் சாத்தி வைப்பது அங்கே பழக்கம். சாத்திய எட்டு நாளுக்குள் அந்த வீட்டிலிருந்து ஆள் போயாக வேண்டும். புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள் சிந்தாமணி கதவைத் திறந்தபோது ஈட்டி உள்பக்கமாகச் சரிந்து அவள் காலடியில் விழுந்தது. ஈட்டி விழுந்த சத்தம் கேட்டு உள்ளே அவள் புருசன் நஞ்சப்பன் இருமினான்.

அந்த இருமல்தான் அவளுக்குப் பயம். நஞ்சப்பன் பயந்தவனில்லை, காட்டில் கால் வைக்கத் தெரிந்தவன். ஆனால் நெஞ்சில் ஈரம் பட்டால் போதும், அவனுக்கு இருமல் எழும், எழுந்தால் நிற்காது. சத்தம் போடாத துணி போட்டுக்கொண்டு போனால் நனைவான், நனைந்தால் இருமுவான், இருமினால் ஒத்தையன் வரும். நனையாத துணி போட்டுக்கொண்டு போனால் துணியே சரசரக்கும், ஒத்தையன் வரும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் கடைசியில் அந்தப் பன்றி வந்து நின்றது. எட்டு நாள். சிந்தாமணி கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், எதை வெட்டப்போகிறோம் என்று தெரியாமலே.

எந்தத் துணி தேறும் என்று சொல்ல அவள் வீட்டுக் கிடாரிக் கன்றை நியமித்தாள். அது மூங்கில் கொட்டகையில் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, நாள் முழுக்க அசைபோட்டுக்கொண்டிருக்கும். நஞ்சப்பன் ஒவ்வொரு உடுப்பாகப் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து மெல்ல நடந்து வர வேண்டும். தாடை நின்றால் அந்த உடுப்பு தோற்றது.

உரச்சாக்குக் கொங்காடைக்கு அவன் படியிறங்குமுன்பே தாடை நின்றது. வீட்டிலிருந்த நீலத் தார்ப்பாயை வெட்டிப் பார்த்தாள். கிடாரி எழுந்தே நின்றுவிட்டது.

சந்தை நாளில் அடிவாரத்துக்கு இறங்கினாள். மழைக்கோட்டு விற்கிற அமீது சாயபு ஒரு பச்சைக் கோட்டை உதறி அவள் தோளில் போட்டார்.

"இது பட்டாளத்துக்காரன் போடறது, தாயி. சொட்டுத் தண்ணி உள்ள வராது."

சிந்தாமணி கோட்டின் கையை முகத்தருகே கொண்டுபோய்த் தேய்த்துக் கேட்டாள். சுர்ர் என்றது.

"மழைக்கோட்டைக் காதுல வெச்சுப் பாத்து வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் சாயபு. "புடவையைத் தொட்டுப் பாப்பாங்க, மொளகாயை மோந்து பாப்பாங்க. எந்த ஊரு?"

"கருங்கொம்பைங்க."

சாயபுவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவரே ஒவ்வொரு கோட்டாக எடுத்துக் காதருகே தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரரை ரேடியோவை அணைக்கச் சொன்னார். கடைசியில் மூன்றைத் தனியே வைத்து, "விக்க மாட்டேன், கொண்டுபோ. தேறாததைத் திருப்பிக் குடு," என்றார்.

ஒன்றும் தேறவில்லை. பச்சைக் கோட்டின் ஒட்டுகிற நெஞ்சுப் பட்டியைப் பிரித்தபோது எழுந்த கிழிசல் சத்தத்தில் பாவாயி வீட்டுக் கோழிகள் பறந்து கூரையேறின. எஸ்டேட்காரர்கள் போடுகிற ரப்பர் கோட்டு கொஞ்சம் அடக்கம்தான், ஆனால் முழங்கை மடியும்போது வௌவால் மாதிரி கீச்சிட்டது. அதுவுமில்லாமல் உள்ளே வேர்த்து ஊற்றி, வெளியே நனையாதவன் உள்ளே நனைந்து இருமினான். மூன்றாவதை உறையிலிருந்து எடுக்கும்போதே கிடாரி திரும்பிப் பார்த்துவிட்டது. வீட்டுப் பரணிலிருந்த பழைய கம்பளியைப் போட்டுப் பார்த்தாள். கிடாரி கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது. சிந்தாமணிக்கு உயிர் வந்தது. ஆனால் அரை மணி நேரம் மழையில் நின்ற கம்பளி ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனத்தது, நனைந்த ஆட்டு வாடை இரண்டு காட்டுக்கு அடித்தது, உள்ளே நஞ்சப்பனுக்குப் பல் கிட்டியது.

"விட்டுரு புள்ள," என்றான் அவன், இருமலுக்கு நடுவில். "வெறும் மேலோட போறேன். நெஞ்சுல கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கிட்டாப் போதும்."

"வாயை மூடிட்டு நில்லுங்க மாமா. தோள் அளவெடுக்கோணும்."

ஐந்து நாள் போயிருந்தது. அன்று இரவெல்லாம் யோசித்து, விடிந்ததும் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில், பதினோரு வருசமாகத் திறக்காத ஒரு மடிப்புக்குள், பிள்ளைக்கு அடியில் விரிக்கிற ரப்பர் விரிப்பு இருந்தது. மெல்லியது, பழுப்பும் சிவப்புமான நிறம், பவுடர் வாசம் இன்னும் போகாதது. பத்தொன்பது நாள் மட்டும் நனைந்த விரிப்பு. அதை எடுத்து மடக்கினாள், கசக்கினாள், காதில் வைத்துத் தேய்த்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் கை போன போக்கில் நடந்தது. உள்பக்கம் நஞ்சப்பனின் பழைய வேட்டி, வேர்வையைக் குடிக்க. நடுவில் நெஞ்சுக்கும் முதுகுக்கும் அந்த விரிப்பு. கைகளுக்கு நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிய இன்னொன்று. வெளியே, திருப்பூர் பனியன் கம்பெனிக் கழிவில் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருந்த, மயிர் எழுப்பிய தடித்த துணி. நிறம் ஒரு மாதிரி கருஞ்சாம்பல். ஊசி குத்திய ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் நுழையும் என்று தெரிந்து, சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டுகிற சொலுஷனை விரல் நுனியால் தையல் வழியெல்லாம் பூசினாள். பொத்தானுமில்லை, ஜிப்புமில்லை, துணியைத் திரித்து முடிச்சுப் போட்டாள். கருமருந்து நனையாமலிருக்க உள்ளே ஒரு பை.

ஏழாம் நாள் சாயங்காலம், சென்னியப்பன் பரணுக்குப் போயிருந்த நேரம், பாதி ஊர் கொட்டகைக்கு வெளியே நின்றது. நஞ்சப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து நடந்தான். கிடாரி அசைபோட்டது. இன்னும் நெருங்கினான். அசைபோட்டது. குனிந்து வாலைத் தொட்டான். கிடாரி விருட்டென்று துள்ளி எழுந்து, இந்த மனுசன் எங்கிருந்து முளைத்தான் என்று பார்த்தது. ஊர் கைதட்டியது. இரண்டு மணி நேரம் மழையில் நின்றவனின் நெஞ்சு காய்ந்த கூழாங்கல் மாதிரி இருந்தது.

"ஏம்புள்ள சிந்தாமணி," என்றாள் பாவாயி, "இனி உன்ற ஊட்டுக்காரர் எங்க சட்டிக்குள்ளார கையை உட்டாலுந் தெரியாது போ. மீன் கொழம்பு வெக்கறதையே நிறுத்தோணும்."

எட்டாம் நாள். மத்தியானம் தாண்டியதும் ஊமை மழையோடு பனி இறங்கி வாசல் முருங்கையை மூடியது. நஞ்சப்பன் கோட்டின் முடிச்சுகளைப் போட்டுக்கொண்டான். சிந்தாமணி அவன் கண்ணைப் பார்க்காமலிருக்க மிஷினுக்கடியில் வெட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

"கோட்டுக் குல்லாயைக் காதுக்குக் கீழ இழுத்து உட்டுக்குங்க. திரும்பி வரும்போது குனிஞ்சு வாங்க, கூதக்காத்து நெஞ்சுல அடிக்கும். மரவள்ளிக்காட்டு வழியாவே வாங்க, அதுதான் கிட்ட. இஞ்சி தட்டி வெக்கறேன்."

"கேக்குதா?" என்று திரும்பினாள். அவன் போய்விட்டிருந்தான். எப்போது எழுந்தான், எப்போது படியிறங்கினான், கதவை எப்போது சாத்தினான், ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. சிந்தாமணி அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்தாள். தன் தையலின்மேல் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு.

இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது சாணித் தாள் கிழிகிற சத்தம் வந்தது, கூடவே பாவாயி.

"போயிட்டாரா? வழியில நான் பாக்கவே இல்ல. பக்கத்துல போயிருந்தாலுந் தெரிஞ்சிருக்காது. உங்கண்ணன் பரண்ல ஏறிட்டாப்ல. பனி சாஸ்தி, உத்துப் பாத்துச் சுடுங்கண்ணான்னேன். 'சரசரப்பு இல்லாம எது வந்தாலும் இன்னைக்குப் போட்டுத் தள்ளிருவேன்'னுட்டு..."

சிந்தாமணியின் கையிலிருந்த குழவி உருண்டு அடுப்பு வரைக்கும் போனது.

சத்தமில்லாமல் வந்தால் பன்றி. ரேஷன் கடை முன்னால் நின்று அவளும் சிரித்தாளே. எட்டு நாளாகக் கிடாரியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒத்தையனின் காதையே நினைத்துக்கொண்டிருந்தவள், பரணில் இன்னொரு காது இருப்பதை மறந்துபோனாள். கருஞ்சாம்பல் நிறம், மயிர் எழுப்பிய துணி. அதற்குமேல் குனிந்து வாங்க என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாள். தன் கையாலேயே அவனுக்கு ஒரு பன்றித் தோலைத் தைத்துப் போட்டிருக்கிறாள்.

கூப்பிடலாமென்றால், அவன் இந்நேரம் புதருக்குள் ஒத்தையனுக்கு எத்தனை முழத்தில் நிற்கிறானோ. மனிதக் குரல் கேட்டால் அது குரல் வந்த பக்கம் பார்க்காது, கிட்டத்தில் நிற்கிறவன்மேல்தான் பாயும். மாரக்காளையை அவன் தம்பி கூப்பிட்டபோது அதுதான் நடந்தது. கத்தக்கூடாது. கத்தாமலும் அண்ணனுக்குத் தெரிய வேண்டும், காட்டுக்குள் மனுசன் இருக்கிறான் என்று.

மூலையில் தோற்றுப்போன உடுப்புகள் கிடந்தன. சரசரப்புக்கு ஒத்தையன் வந்தால் தன் பக்கம் வரட்டும். கொங்காடையை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். அதன்மேல் பச்சைக் கோட்டு, அதன்மேல் ரப்பர் கோட்டு, அதன்மேல் சாயபு கொடுத்த மூன்றாவது கோட்டு, எல்லாவற்றுக்கும்மேல் வெட்டி மிச்சமிருந்த நீலத் தார்ப்பாய். கைகளை விரித்துக்கொண்டு மரவள்ளிக்காட்டுக்கு ஓடினாள்.

ஒவ்வொரு தாளாகக் கேட்டால்தான் சரசரப்பு. ஐந்தும் ஒன்றாக ஓடியபோது, ஒன்றின்மேல் ஒன்று உரசி, அறைந்து, தார்ப்பாய் காற்றைப் பிடித்துத் தட்டியபோது, அது சரசரப்பாக இல்லை. அது மேட்டுக்காட்டிலிருந்து கிளம்பி, தகரத்தில் ஏறி, வாழையில் இறங்கி, துணியை எடு, விறகை மூடு என்று வருகிற சத்தமாக இருந்தது. கருங்கொம்பையில் பெண்கள் பழைய பழக்கத்தில் எழுந்து கொடியை நோக்கி ஓடினார்கள். ரங்கப்பன் கிழிந்த தொடையோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு மாதமாகக் கண் மூடாத தொட்டில் குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயின.

பரணில் சென்னியப்பன் துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்துக் கன்னத்தில் அணைத்திருந்தான். இருபதடியில், பனி கொஞ்சம் விலகிய இடத்தில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, கருஞ்சாம்பலாய்க் கூனிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் ஒன்று வந்துகொண்டிருந்தது. விரலை மடக்கப்போனான், அப்போது மழை கேட்டது. வெட்டவெளியில் வேலை செய்கிற எல்லாரும் செய்கிறமாதிரி, அவன் தன்னை அறியாமல் முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

அவன் கண்ணைக் கீழே இறக்குவதற்குள் அந்தக் கருஞ்சாம்பலும் நிமிர்ந்து நின்று, குல்லாயைத் தள்ளிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மீசை இருந்தது.

"மாப்ளே," என்றான் சென்னியப்பன். குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து முன்னால் மெல்ல இறக்கினான்.

தார்ப்பாயோடு சிந்தாமணி பரணடிக்கு வந்து விழுந்தாள். சத்தம் நின்றது, மழை முன்போலவே ஊமையாகப் பெய்துகொண்டிருந்தது.

"நீயாம்மா?" என்றான் அண்ணன். "நான் மழைன்னல்ல நெனச்சேன்."

"ஒத்தையன் எங்க?" என்று நஞ்சப்பனைக் கேட்டாள் அவள், முழங்காலில் நின்றபடி.

"சுடறதுக்கு முன்னாலயே எழுந்து எங்கியோ போயிருச்சுன்னுதான் திரும்பி வந்தேன்," என்று ஆரம்பித்தவன், கையைக் காட்டி நிறுத்தினான். பத்தடி பின்னால், அவன் வந்த தடத்திலேயே, அவனுக்குத் தெரியாமல் அவனைத் தொடர்ந்து வந்திருந்த பன்றி, ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. விலா ஏறி இறங்கியது. மழைச் சத்தத்தில் தூங்குவது அதற்கும் பழக்கம்தானே. அதுவும் இரண்டு மாதமாகத் தூங்கவில்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு துப்பாக்கியிலும் மருந்து காய்ந்துதான் இருந்தது. யாரும் சுடவில்லை. நஞ்சப்பன் இருமினான்; பன்றி காதைக்கூட அசைக்கவில்லை.

ஊர் மறுபடி ரேஷன் கடை முன்னால் கூடியது. மாரக்காளையின் தம்பி மட்டும், "என்ற அண்ணன் உசுருக்கு என்ன பதில்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். மற்றவர்கள் ஈட்டி சாத்துவதை நிறுத்துவதென்றும், அதற்குப் பதில் முறை வந்த வீட்டுக் கதவில் தார்ப்பாயைச் சாத்துவதென்றும் முடிவு செய்தார்கள். சாத்திய வீட்டிலிருந்து ஓர் ஆள் பொழுது சாய்கிற நேரத்தில் ஐந்து உடுப்பையும் போட்டுக்கொண்டு மரவள்ளிக்காட்டைச் சுற்றி வர வேண்டும். பன்றிகள் புதரிலேயே படுத்துக்கொள்ளும். குழந்தைகள் தூங்கும். சாயபு கோட்டுகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கியிருந்தது. நஞ்சப்பனின் கோட்டை மிஷினில் போட்டு, கீழ் விளிம்பில் ஒரு முழம் உரச்சாக்குத் தாளைச் சுற்றித் தைத்தாள் சிந்தாமணி. அவன் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தான்; கிடாரியின் தாடை நின்றது.

ஐப்பசியில் முறை அவள் வீட்டுக்கு வந்தது. கொங்காடை, பச்சைக் கோட்டு, ரப்பர் கோட்டு, மூன்றாவது, தார்ப்பாய் எல்லாம் போட்டுக்கொண்டு அவள் காட்டு வரப்பில் நடந்தாள். அந்தச் சத்தத்துக்குள், பதினோரு வருசத்துக்கும் அழாமல் விட்ட அந்த ஓர் ஆடிக்குமாகச் சேர்த்து, வாய்விட்டு, பேர் சொல்லி அழுதாள். கருங்கொம்பையில் யாருக்கும் கேட்கவில்லை. ஊர் கொடியில் துணி எடுத்தது. அவள் மூச்சு வாங்க நின்றபோது, பனிக்குள் பத்தடி பின்னால், சர், சர் என்று ஒரு முழத் தாள் வந்து, அவளோடு நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி நடந்தாள்.